அக்கம்பக்கம் தீர்மானிக்கும் ஆற்றல்

கணக்கீட்டு வேதியியலில் புராஜெக்ட் செய்ய வரும் முதுகலை மாணவர்களை நான் உடனே கணினி பக்கம் விடுவதில்லை. முதலில் கையில் ஒரு கிராஃப் தாளைக் கொடுத்து, இரும்பு ஆக்சைடுகளுக்குக் கான்வெக்ஸ் ஹல் வரையச் சொல்வேன்.

சிதறிக் கிடக்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் உள்ளடக்கி, எங்கேயும் உள்வாங்காமல் இருக்கும் மிகச் சிறிய வடிவம்தான் கான்வெக்ஸ் ஹல். எங்கள் வேலைக்கு அதன் கீழ் விளிம்பு மட்டும் போதும். கிடை அச்சில் ஆக்சிஜன் அணுக்களின் பங்கு, செங்குத்து அச்சில் சேர்மம் உருவாகும்போது மாறும் ஆற்றல். தனி இரும்பும் தனி ஆக்சிஜனும் இரண்டு ஓரங்களில், சுழியில் இருக்கும்.

ஒரு மோலுக்கான உருவாதல் வெப்பம் மூன்று இரும்பு ஆக்சைடுகளில் ஃபெரஸ் ஆக்சைடுக்கு (FeO) சுமார் −272 கிலோஜூல், மேக்னடைட்டுக்கு (Fe₃O₄) −1118, ஹேமடைட்டுக்கு (Fe₂O₃) −824. இவற்றில் முறையே 2, 7, 5 அணுக்கள். வகுத்தால் அணு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட −136, −160, −165. சரி, இப்போது இரும்பிலிருந்து மேக்னடைட்டுக்கு ஒரு கோடு போடுங்கள். சரிபாதி ஆக்சிஜன் உள்ள இடத்தில் அந்தக் கோடு −140இல் போகிறது. ஃபெரஸ் ஆக்சைடின் புள்ளி அதற்கு 4 கிலோஜூல் மேலே நிற்கிறது!

−136 என்பதைத் தனியாகப் பார்த்தால் நல்ல உறுதியான சேர்மம் என்றுதான் தோன்றும். ஆனால் அது தன் அண்டை வீட்டாரான இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் பிரிந்துபோனால் ஆற்றல் இன்னும் குறைகிறது. நடப்பதும் அதுதான். உருக்காலையில் பழுக்கக் காய்ந்த எஃகின் மேல் படியும் ஆக்சைடில் பெரும்பகுதி ஃபெரஸ் ஆக்சைடு. சுமார் 570 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெதுவாக ஆறினால் அது இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் பிரிகிறது. அதற்கு மேலான வெப்பத்தில் என்ட்ரோபி, அதாவது அணுக்களின் ஒழுங்கின்மை, கைகொடுப்பதால் அதே புள்ளி இறங்கி ஹல்லில் சேர்ந்துகொள்கிறது. ஒரு பொருள் நிலையானதா என்பதை அதன் சொந்த ஆற்றல் தீர்மானிப்பதில்லை, அக்கம்பக்கம்தான் தீர்மானிக்கிறது. இது மாணவர்கள் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான் கிராஃப் தாள்.

2023இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்து, அவற்றில் 3,80,000 நிலையானவை என்று அறிவித்ததே, அதற்கும் அளவுகோல் இந்த ஹல்தான். ஆனால் ஹல்லில் இருப்பதெல்லாம் ஆய்வகத்தில் உருவாகிவிடும் என்று செய்திகள் எழுதியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிரிவதால் ஆற்றல் குறையுமா என்பதை ஹல் சொல்லும், எவ்வளவு காலத்தில் பிரியும் என்று சொல்லாது. வைரம் கிராஃபைட்டைவிட மோலுக்கு ஏறக்குறைய 3 கிலோஜூல் மேலே இருக்கிறது. மோதிரத்தில் அது பாட்டுக்குத்தான் இருக்கிறது.

உயிரியலிலும் இதே வடிவத்தைப் பார்க்கலாம். எந்த இனம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலுக்காக, ஓர் உயிரினம் காணப்பட்ட இடங்களை எல்லாம் சுற்றி மிகச் சிறிய குவிவுப் பல்கோணம் வரைந்து பரவலை அளக்கிறார்கள். 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்து, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால் அருகிவரும் இனம். வெகுதூரத்தில் தவறாக அடையாளம் கண்ட ஒரே ஒரு பதிவு சேர்ந்துவிட்டாலும் அந்தப் பரப்பு ஊதிப்போகும்.

எங்களுக்கும் அதே தொல்லை உண்டு. ஒரு புள்ளியைத் தப்பாகக் கீழே இறக்கிவிட்டால் அது தன் பக்கத்திலிருக்கும் நல்ல சேர்மங்களை எல்லாம் ஹல்லிலிருந்து தள்ளிவிடும். குறிப்பாக ஆக்சிஜன் மூலை. வழக்கமான கணக்கீட்டு முறைகள் ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை இருப்பதைவிட வலுவாகக் காட்டும். திருத்தம் போடாவிட்டால், ஆக்சிஜன் அதிகமுள்ள ஆக்சைடுகள் அதைச் சுலபமாக வெளியே விட்டுவிடும் போலத் தெரியும். அதனால் மாணவர்கள் முதல் முடிவைக் கொண்டுவந்ததும் புதுச் சேர்மத்தைப் பற்றிப் பேச மாட்டேன். ஆக்சிஜனுக்கு என்ன மதிப்பு வைத்தீர்கள் என்றுதான் கேட்பேன்.