காருக்கும் கைக்கும் பொதுவாக ஒரு ஜிபிஎஸ் ரிசீவர்

காரில் பொருத்திய சிறு கணினிக்கும் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டுக்கும் பொதுவாக ஒரு புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் வாங்க முற்பட்டபோது, நான் முதலில் பார்த்தது விலையை அன்று. நொடிக்கு எத்தனை முறை அது இருப்பிடத்தைப் புதுப்பிக்கிறது என்பதையே. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடுவதால், நொடிக்கு ஒருமுறை மட்டும் புதுப்பிக்கும் 1 ஹெர்ட்ஸ் கருவி, திரும்ப வேண்டிய பிரிவைத் தாண்டிய பிறகே நம்மை எச்சரிக்கக்கூடும். நொடிக்கு ஐந்து முறை, அதாவது 5 ஹெர்ட்ஸ் எனில் அந்த இடைவெளி 5 மீட்டராகச் சுருங்கும்.

இத்தகைய ரிசீவர்கள் பெரும்பாலும் என்எம்இஏ 0183 என்னும் பொதுத் தர வடிவத்தில், புளூடூத் சீரியல் போர்ட் (கம்பியில்லாத் தொடர் இணைப்பு) வழியாக இருப்பிடத் தரவை அனுப்புகின்றன. விண்டோஸ் கணினிக்கு அது போதும். ஆண்ட்ராய்டில் அதற்கென ஒரு செயலி தேவைப்படும். ஐபேடுக்கோ ஆப்பிளின் அனுமதி பெற்ற கருவியே வேண்டும் (இந்தப் பிடிவாதம் எனக்கு உவப்பானதில்லை). பல ரிசீவர்கள் ஒரு நேரத்தில் ஒரே சாதனத்துடன் மட்டுமே இணையும் என்பதையும் வாங்குமுன் கவனிக்க வேண்டும்.