ஈரத்தில் பழுத்த புல்

கலிபோர்னியாவில், வீட்டு உரிமையாளர் சங்கங்களின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. இந்தச் சங்கங்களை இங்கே எல்லோரும் ஹெச்.ஓ.ஏ. என்றுதான் சொல்வார்கள். என் பொறுப்பில் இருந்த குடியிருப்பில் ஆயிரம் வீடுகளுக்கு மேல். அதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முடிவெடுப்பது ஐந்து பேர் கொண்ட போர்டு. பிரதிநிதிகள் தங்கள் பகுதியில் நடப்பதை போர்டுக்குச் சொல்ல வேண்டும், போர்டு சொல்வதைப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். சேர்ந்த புதிதில் இந்தப் பதவி எதற்கென்றே எனக்குப் புரியவில்லை. மின்னஞ்சல்தான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

2018 கோடைக்காலம். மாதம் இரண்டு முறை நானும் இன்னொருவரும் காரில் மெதுவாகச் சுற்றி வருவோம். சங்கத்தின் விதிக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால் ஜன்னல் வழியாகவே டேப்லெட்டில் படம், வீட்டு எண், அவ்வளவுதான். கடிதம் தானாகத் தயாராகிவிடும். ஒரு வீட்டின் முன்புறப் புல் பழுத்துப்போயிருந்தது. தண்ணீர் விட்டுப் பராமரிக்கும்படி ஒரு கடிதம், அப்புறம் இன்னொன்று. மூன்றாவதாக, அபராதம் பற்றிய விசாரணைக்கான நோட்டீஸ். இந்த மாநிலச் சட்டப்படி விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தோம்.

அந்த வாரமே அப்பகுதியின் பிரதிநிதி அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்காரக்கூட இல்லை. "அந்தப் புல்லில் நீங்கள் கால் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் வாருங்கள்."

போனேன். காரிலிருந்து பார்த்தபோது காய்ந்த புல்லாகத் தெரிந்தது, கால் வைத்ததும் ஷூ புதைந்தது. நடைபாதையை ஒட்டிய பொது இடத்தில் பச்சை பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. அவர் மண்டியிட்டு அதைத் திறந்தார். உள்ளே சேற்றுத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. சங்கத்தின் வால்வு கசிந்து, தண்ணீர் மண்ணுக்கடியில் அந்த வீட்டுப் பக்கம் போய், வேர் அழுகியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவரோ எங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, தினம் காலையும் மாலையும் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம். அவர் எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. சங்கத்தோடு தகராறு எதற்கு, அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று இருந்திருக்கிறார். நாயோடு நடக்கப் போன பிரதிநிதி, வேலி ஓரமாக நின்று பேச்சுக் கொடுத்ததால் விஷயம் வெளியே வந்தது.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றோம், வால்வை மாற்றினோம், புல்லையும் சங்கச் செலவிலேயே போட்டுக்கொடுத்தோம். ஆனால் அந்தப் பெரியவர் மூன்று கடிதங்களையும் ஒழுங்காக மடித்து ஒரு கிளிப்பில் போட்டு வைத்திருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. எங்கள் அலுவலகத்துக்கு எழுதுகிறவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், அல்லது கோபம் வந்தவர்கள். மற்றவர்கள் நினைப்பது எங்களுக்கு வந்து சேர வேறு வழியே கிடையாது, நடுவில் இப்படி ஒருவர் இல்லையென்றால்.

எல்லாப் பிரதிநிதிகளும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் வாரம் தவறாமல் ஒரே வீட்டின் மேல் புகார் அனுப்புவார். விசாரித்தால் பழைய பார்க்கிங் சண்டை. தன் மனத்தாங்கலையும் பகுதியின் குரலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் இந்தப் பதவி கெட்டுப்போகிறது.

சில ஊர்களில் பிரதிநிதிகளுக்கு அதிகாரமே உண்டு. மேரிலாந்தில், ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1967இல் தொடங்கிய கொலம்பியா என்ற ஊரில், கிராமம் என்று அழைக்கப்படும் 10 பகுதிகள். ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கும் ஆள்தான் அங்கே சங்கத்தின் போர்டில் உட்காருகிறார். எங்களிடம் அது கிடையாது. ஆனாலும் அதிகாரம் இல்லாததில் ஒரு வசதியைக் கண்டேன். அபராதம் போடும் கை இல்லை என்பதால் மக்கள் அவர்களிடம் மனம் திறந்து பேசுகிறார்கள்.

2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். எங்களுடையவை தனி வீடுகள்தான். ஆனாலும் பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் ரிசர்வ் நிதி எவ்வளவு இருக்கிறது என்று அதுவரை கேட்காதவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். சாலைக்கும் நீச்சல் குளத்துக்கும் ஒதுக்கிய பணம் போதாது என்பது அந்த நிதி பற்றிய ஆய்வறிக்கையில் ஏற்கெனவே இருந்த விஷயம்தான். மாதக் கட்டணத்தை போர்டு கூட்டியது. இங்கே ஆண்டுக்கு 20 சதவீதம் வரை உறுப்பினர் ஓட்டு இல்லாமலே கூட்டலாம், ஆகவே சட்டச் சிக்கல் இல்லை. பேருந்து ஓட்டியவர் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கையின் ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து, தன் வீட்டு கராஜைத் திறந்து நாற்காலி போட்டு, மூன்று மாலை உட்கார்ந்தார். திட்ட வந்தவர்களும் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து எனக்கு இரண்டு அழைப்புதான் வந்தது. பிரதிநிதி இல்லாமல் காலியாகக் கிடந்த பகுதியிலிருந்து வக்கீல் கடிதமே வந்தது.

அந்தப் பகுதி இன்னும் காலிதான். தேர்தலுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. போன மாதம் அச்சடித்த அறிவிப்பை விட்டுவிட்டு, அங்குள்ள வீடுகளுக்கு என் கைப்படக் குறிப்பெழுதி, நானே நடந்து போய்க் கொடுத்தேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர், மாதம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். ஐந்தாறு மணி நேரம், பெரும்பாலும் நடக்கிற வேலை என்றேன். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.