விரலிடுக்கும் பார்க்க வேண்டும்

ஜூன் 3
சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிக்க நர்ஸ்களைப் பழக்கும் திரை விளையாட்டு இது. நேரக்கணக்கைத் தூக்கிவிட வேண்டும். திரை ஓரத்தில் நொடி ஓடினால் நர்ஸ் முதலில் பார்க்காமல் விடுவது கால் விரலிடுக்கைத்தான். வார்டில் அவசரம் வந்தாலும் அதைத்தான் விடுகிறார்கள். விளையாட்டே அதைப் பழக்கிவிடக் கூடாது.

ஜூன் 4
மோனோஃபிலமென்ட் கட்டம். பாதத்தில் தொடுவுணர்வு இருக்கிறதா என்று சோதிக்கும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். தோலுக்குச் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை அழுத்தி, இரண்டு நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். இழுத்தால், தடவினால் அந்தத் தொடல் செல்லாது. கால் பெருவிரலின் அடிப்பக்கம், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழுள்ள மேடுகள்: பாதத்துக்கு 3 இடம். காய்ப்பின்மேல் வைக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் 2 முறை தொட்டு, 1 முறை தொடாமலே “இப்போ தொட்டேனா?” என்று கேட்க வேண்டும். 3-இல் 2 சரியென்றால் உணர்வு இருக்கிறது.

அந்தத் தொடாத கேள்விதான் உயிர். நம் நோயாளிகளில் ஒருவர் எதற்கும் “ஆமா, தெரியுது” என்றே சொல்லட்டும். தொடாமல் கேட்காதவர், மரத்துப்போன காலை ‘இயல்பு’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஜூன் 5
செருப்பு இன்னும் வரையப்படவில்லை.

ஜூன் 9
சிவந்து வீங்கிய பாதம். புண் இல்லை, வலி கொஞ்சம்தான், நாடி நன்றாகத் துடிக்கிறது. எல்லோரும் ஆன்டிபயாட்டிக் அட்டையை எடுக்கிறார்கள். சார்கோ பாதமாக (உணர்விழந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் நோய்) இருக்கலாம் என்று தோன்றினாலே காலை ஊன்றவிடாமல் அன்றே பாத சிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும். நடக்கவிட்டால் எலும்பு நொறுங்கி வளைவே இறங்கிவிடும். சூடு அதிகம் என்பது மற்ற பாதத்தையும் தொட்டால்தான் தெரியும். ஆகவே அட்டையில் எழுதாமல், புறங்கையால் இரண்டு காலையும் தொட்டவருக்கு மட்டும் காட்டலாம்.

ஜூன் 11
வெறும் ‘தவறு’ வேண்டாம். விரலிடுக்கைப் பார்க்காமல் விட்டால், அதே நோயாளி அடுத்த சுற்றில் அங்கே வெடிப்போடு வரட்டும்.

ஜூன் 14
செருப்பு வந்துவிட்டது! உள்ளே கைவிட்டுத் தடவினால்தான் ஆணிமுனை தட்டுப்படும்.

திரையால் அழுத்தத்தைச் சொல்லித்தர முடியாது. நடுவில் நிறுத்தி நிஜ இழையைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரே இழையைத் தொடர்ந்து பலருக்கும் பயன்படுத்தினால் தளர்ந்துபோகும்; 10 பேருக்குப் பின் 24 மணிநேரம் ஓய்வு.

ஜூன் 17
கணுக்கால்-கை அழுத்த விகிதம் (கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தது; காலுக்கு இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க) 1.4-க்கு மேல் போனால் பச்சை விளக்கு எரிகிறது. உடனே மாற்ற வேண்டும். சுண்ணாம்பு படிந்த இரத்தக்குழாய் அமுங்காது, அதனால்தான் எண் ஏறுகிறது. அங்கே கால்விரல் அழுத்தம்தான் பார்க்க வேண்டும்