ஜூலிக்கு வந்த ரத்த நோய்: நாங்கள் கடந்து வந்த விதம்

நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் வழக்கம். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தாலோ, மஞ்சள் தட்டியிருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கிளம்ப வேண்டும். ஜூலிக்கு ஐ.எம்.எச்.ஏ. என்ற ரத்த நோய் வந்த பிறகு கற்றுக்கொண்டது இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் சொந்தச் சிவப்பணுக்களைப் பகையாக நினைத்து அழிக்கிற நோய். பெயரைக் கேட்ட அன்று எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலைமையில் இன்று நிற்கிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

ஜூலி வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே பிறந்த செவலை நாட்டு நாய். எடை 20 கிலோ. பெரிதாக நோய் என்று படுத்ததே இல்லை. மாசிக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கினாள். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. முதலில் போன இடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி, ஈரலுக்கு டானிக்கும் ஓர் ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகத்தான் இருந்தன. ஆனால் அது ஈரல் கெட்டு வந்த மஞ்சள் இல்லை. சிவப்பணுக்கள் ஏராளமாக உடைந்து, அவற்றிலிருந்த நிறப்பொருள் உடம்பில் தேங்கி வந்த மஞ்சள். அடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது.

அவர் ரத்தம் எடுத்ததும் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, அதோடு சலைன் கலந்து, தகட்டைச் சாய்த்துக் காட்டினார். "நல்ல ரத்தம்னா இப்போ கலைஞ்சு ஒரே சீரா ஓடணும்மா. இது மணல் மணலா ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் பி.சி.வி. பார்த்தார். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணக்கு அது. நாய்களுக்குச் சாதாரணமாக 37 முதல் 55 வரை இருக்கும். ஜூலிக்கு 13.

"பிழைப்பாளா?" என்று நேராகக் கேட்டேன். "முதல் ரெண்டு வாரம்தாம்மா கண்டம். அதைத் தாண்டிட்டா பேசலாம்" என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி. இந்த நோயில் இறந்துபோகும் நாய்களில் பெரும்பகுதி அந்த முதல் வாரங்களில்தான் போகின்றன. ரத்தம் குறைந்து மட்டும் இல்லை. நுரையீரலில் ரத்தம் உறைந்து கட்டி அடைத்தும் போகின்றன. உடம்பில் ரத்தமே இல்லாதபோது எப்படி உறையும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உடைந்த அணுக்களும் உள்ளே எரிகிற அழற்சியும் சேர்ந்து உறைதலைத் தூண்டிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். அதனால்தான் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டோடு குளோபிடோக்ரெல் மாத்திரையும் முதல் நாளிலேயே ஆரம்பித்தார். மனிதர்களுக்கு இதய அடைப்பு வராமல் கொடுக்கிற அதே மாத்திரை, அளவு மட்டும் குறைவு.

எங்கள் பக்கத்தில் யாரும் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்ணிச் சோதனை. தெருவில் மாடு கட்டுகிற வீடுகள் உண்டு, உண்ணிக்குக் குறைவே இல்லை. உண்ணி கடித்துப் பரவும் பேபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கும். வெளியே பார்த்தால் இதே வெளுப்பு, இதே மஞ்சள், இதே சிறுநீர். எர்லிக்கியா என்று உண்ணி பரப்பும் பாக்டீரியா இன்னொன்று. இவை காரணமாக எதிர்ப்பு சக்தி கிளறிவிடப்பட்டிருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் போதாது. நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது என்று பி.சி.ஆர். சோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு வரும்வரை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஓடியது. கடைசியில் எதுவும் இல்லை என்று வந்தது. அதாவது, எதனால் வந்தது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. நிறைய நாய்களுக்கு இப்படித்தானாம்.

காரணம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. எதிர்வீட்டில் கொடுத்த ஆம்பூர் பிரியாணி எலும்புதான் என்று அத்தை அடித்துச் சொன்னார். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பது உண்மைதான். பிரியாணி, சாம்பார், குருமா எதையும் நாய்க்கு வைக்கக் கூடாது. ஆனால் வெங்காய நஞ்சில் அணுக்களுக்கு நேரும் சேதம் வேறு மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஜூலியின் ரத்தத்தில் இருந்தவை நடு வெளுப்பு இல்லாமல் உருண்டு சிறுத்த அணுக்கள், எதிர்ப்பு சக்தி கடித்துக் குதறியதன் அடையாளம். டாக்டரம்மா இதை அத்தையிடமே பொறுமையாகச் சொன்னார். அதன்பிறகுதான் எதிர்வீட்டு அக்காவோடு அத்தை பேச ஆரம்பித்தார்.

மறுநாள் பி.சி.வி. 11க்கு இறங்கியது. ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், வேப்பேரிக்குப் போங்கள் என்றார்கள். 1903இல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது; விலங்குகளுக்கான ரத்த வங்கியும் உண்டு. ரத்தநோய்க்கு வைத்தியம் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நாங்கள் எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 140 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. அன்றைக்குத் தேவைப்படும் ரத்தம் இருப்பில் இருக்குமோ என்னவோ என்று, காட்பாடி காந்தி நகரில் வீட்டுக்காரரின் நண்பர் வளர்க்கும் லாப்ரடாரையும் கூடவே ஏற்றிக்கொண்டோம். ரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், நடுத்தர வயது தாண்டியிருக்கக் கூடாது, தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும், உண்ணி நோய் எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பெரிய பையன் எல்லாவற்றிலும் தேறினான். கழுத்து நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போது அவனுடைய எசமானர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவன் வாலை ஆட்டிக்கொண்டே படுத்திருந்தான். அந்த இரண்டு பேருக்கும் நாங்கள் பட்ட கடன் தீராது.

ஏற்றிய ரத்தமும் நோயை நிறுத்தாது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. புது அணுக்களையும் உடம்பு அழிக்கலாம். மருந்து வேலை செய்யும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. பி.சி.வி. 20 வரை ஏறி, மறுபடி 17க்கு வந்தபோது நான் உடைந்துபோனேன். பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவி ஒருத்திதான், "எலும்பு மஜ்ஜை புது செல் அனுப்ப ஆரம்பிச்சிருச்சு அக்கா, ரிப்போர்ட்ல இருக்கு பாருங்க" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். அந்த எண் எதைச் சொல்கிறது என்று புரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, பி.சி.வி., மாத்திரை அளவு, ஈறின் நிறம், சாப்பாடு, சிறுநீர். ராத்திரியில் பயம் வரும்போது அந்த நோட்டைத்தான் புரட்டுவேன்.

நாட்டு நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல நாய்களுக்கு ஈறில் கறுப்புத் திட்டு இருக்கும், நிறம் தெரியாது. கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஜூலிக்கு நாங்கள் இரண்டையும் பார்ப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்ததுதான் நீண்ட பாடு. காலை 20 மில்லிகிராம், இரவு 20 மில்லிகிராம் பிரெட்னிசலோன், அதுதான் அந்த ஸ்டீராய்டு. தண்ணீர் குடித்துத் தீர்த்தாள், வீடு முழுக்கச் சிறுநீர். "இந்தக் குடத்துத் தண்ணி எங்கடி போகுது?" என்று அத்தை திகைத்தார். பழைய புடவைகளை மடித்துப் போட்டு, நடுராத்திரி முறை வைத்து எழுந்து வாசலுக்குக் கூட்டிப்போனோம். கண்டதையும் தின்னத் துடித்தாள். தலைச் சதை வற்றி, வயிறு தொங்கி, எங்கள் ஜூலியா என்று கேட்கும்படி ஆனாள். இதெல்லாம் மருந்தின் வேலை, அளவு குறையக் குறையச் சரியாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் தாங்கினோம். சொல்லாமல் விட்டிருந்தால் நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்திருப்போம்.

இந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய துணை, மாடி போர்ஷனில் குடியிருந்த வங்காளத்து அக்கா. மகளின் வைத்தியத்துக்காக வேலூரில் தங்கியிருந்தார்கள். என் கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, பாதி இந்தி பாதி தமிழில், தன் மகளுக்கும் இதே நோய், இதே மாத்திரை என்றார். மனிதர்களுக்கும் இது வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் முகம் வீங்கி, பசி எடுத்து, தூக்கம் கெட்டுத்தான் இருந்தது. "நல்லாயிட்டா போல இருக்கும்போது நிறுத்திடாதீங்க" என்று மறுபடி மறுபடி சொன்னார். அவர்கள் ஒருமுறை அவசரப்பட்டதன் பலனை அந்தப் பெண் அனுபவித்திருக்கிறாள். அவளும் ஜூலியும் சாயங்காலம் படிக்கட்டில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அக்கா சொன்னதுதான் இந்த நோயில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். உயிருக்குப் போராடும்போது எல்லோரும் கவனமாக இருப்போம். நாய் துள்ளி ஓட ஆரம்பித்ததும், இத்தனை ஸ்டீராய்டு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், நமக்கும் கை கூசும். ஆனால் அளவைச் சில வாரங்களுக்கு ஒருமுறை, கால் பங்கு அளவுக்குத்தான் குறைக்க முடியும். ஒவ்வொரு முறையும் குறைக்கும் முன் பி.சி.வி. பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புவது மட்டும் இல்லை, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் இல்லாமல் நாய் சுருண்டு விழுந்துவிடும். வலிக்கிறதே என்று மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுப்பதும் கூடாது; ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண் வந்து ரத்தம் கசியும்.

இத்தனை கவனத்திலும் ஒருமுறை சறுக்கியது. 38 வரை ஏறியிருந்த பி.சி.வி., அளவு குறைத்த பிறகு 30க்கு வந்தது. மருந்தைத் திரும்ப ஏற்றி, மைக்கோஃபினோலேட் என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்தார்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுகிற மருந்து அது. வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மெடிக்கல் ஷாப்புகளில் தேடாமல் கிடைத்தது, அந்த வகையில் எங்கள் ஊருக்குக் கும்பிடு. வயிற்றுப்போக்கு வந்தது. குழைந்த சோறும் கொஞ்சம் தயிரும் கொடுத்து, டாக்டரம்மா அளவைப் பிரித்துக் கொடுத்த பிறகு அடங்கியது.

அதற்குள் கத்திரி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீராய்டு எடுக்கும் நாய்க்கு மூச்சிரைக்கும், வெயிலுக்கும் இரைக்கும், ரத்தம் குறைந்தாலும் இரைக்கும், நுரையீரலில் கட்டி அடைத்தாலும் இரைக்கும். எது எது என்று தெரியாமல் பகல் முழுக்க நெஞ்சு படபடக்கும். டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்: அசந்து தூங்கும்போது, மின்விசிறிக்குக் கீழே, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தூக்கத்திலும் கூடுதலாக இருந்தால், அல்லது ஈறு வெளுத்திருந்தால், மணி பார்க்காமல் போன் பண்ணுங்கள். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரக் கோணிச் சாக்கு போட்டு, கரண்ட் போனால் விசிறி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடையெல்லாம் விடியற்காலை மட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். நகையை வைத்தோம். "ஒரு தெருநாய்க்கா?" என்று கேட்டவர்கள் உண்டு, "ஊசி போட்டு அனுப்பிடுங்க, அதுவும் கஷ்டப்படாது" என்றவர்களும் உண்டு. நானும் வீட்டுக்காரரும் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து, மறுபடி மறுபடி ரத்தம் ஏற்றியும் நிற்காமல் ஜூலி வேதனைப்பட்டால் மேலே இழுக்க வேண்டாம் என்று பேசி முடிவெடுத்திருந்தோம். அழுதுகொண்டேதான் பேசினோம். ஆனால் அது பேசி முடித்திருந்ததால், யார் என்ன சொன்னாலும் எங்களை அசைக்கவில்லை.

இப்போது ஜூலிக்குப் பி.சி.வி. 42. பிரெட்னிசலோன் ஒருநாள் விட்டு ஒருநாள், 5 மில்லிகிராம். இரண்டாவது மருந்து நின்றுவிட்டது. தலைச் சதை திரும்ப ஏறுகிறது. மாதாமாதம் உண்ணி மருந்து தவறுவதில்லை. எதிர்ப்பு சக்தியை மறுபடி கிளற வேண்டாம் என்று மற்ற தடுப்பூசிகளைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ரேபிஸ் ஊசியை மட்டும், மருந்து முழுதும் நின்ற பிறகு, தனியாகப் போடுவதாகப் பேச்சு. அதுவரை சங்கிலி இல்லாமல் அவளைத் தெருவில் விடுவதில்லை. ஊசி போட்ட அடுத்த வாரமே ரத்தம் பார்க்க வேண்டும் என்று நோட்டில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.