தலை நிறையப் பூ, சட்டி நிறைய இஞ்சி வாத்து: சுவான்ஜோ போய் வந்தோம்

சீனாவுக்குப் போய் வந்தோம் என்றதும், "பெருஞ்சுவர் பார்த்தீர்களா?" என்று கேட்காத ஆளில்லை. பார்க்கவில்லை. பெய்ஜிங் பக்கமே போகவில்லை. தென்கிழக்கே ஃபூஜியன் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுவான்ஜோவுக்குப் போனோம். நம் ஊர் வியாபாரிகள் சரக்கு எடுக்கப் போவார்களே, அந்தக் குவாங்சோ வேறு. டிக்கெட் போடும்போது ஊர்ப்பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

விசா, விமானம், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டு வாட்ஸாப் குழுவில் படங்களைப் போட்டதிலிருந்து எல்லோரும் ஒரே படத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் தங்கையும் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ வைத்துக்கொண்டு, சிப்பி பதித்த சுவர் முன்னால் நிற்கிற படம். அம்மா கேட்ட முதல் கேள்வி: "முழம் என்ன விலைடி?" எனவே விசா கிடக்கட்டும், பூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த இடத்தின் பெயர் சுன்பூ. நகரத்தை ஒட்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீனவக் கிராமம். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் சிப்பி உடைத்து மீன் விற்பார்கள். இந்த ஊர்ப் பெண்கள் தலைமுடியைக் கொண்டையாக முடிந்து, குறுக்கே ஒரு குச்சியைச் செருகி (அந்தக் காலத்தில் எலும்பிலோ தந்தத்திலோ செய்ததாம்), மல்லிகை மொட்டும் வேறு பூக்களும் கோத்த சரங்களைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொள்கிறார்கள். விசேஷத்துக்கு மட்டுமில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகும்போதும் அதே பூதான். தோட்டைப் பார்த்தே கல்யாணமானவரா, பேரன் பேத்தி எடுத்தவரா என்று சொல்லிவிடலாமாம். நம் ஊருக்கு வெளியே, வேலைக்குப் போகிற பெண்கள் தினமும் பூ வைத்துக்கொண்டு போவதை நான் பார்த்தது இங்கேதான்.

2008-இல் சீன அரசு இந்த வழக்கத்தைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்போதெல்லாம் பெரிதாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஜாவ் லியிங் என்ற நடிகை இந்தப் பூ அலங்காரத்தோடு படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், சீனாவில் இருக்கிற இளம்பெண்கள் எல்லோரும் ரயில் ஏறிவிட்டார்கள் போல. இப்போது சுன்பூவில் வீட்டுக்கு வீடு பூ அலங்காரக் கடை. நாங்கள் போன சந்தில் டீக்கடைகூட இல்லை, அலங்காரக் கடைகள் மட்டும் கைக்கு எட்டிய தூரத்துக்கு ஒன்று.

விலையைச் சொல்கிறேன். தலை அலங்காரமும் வாடகை உடையும் சேர்த்து ஆளுக்கு 50 யுவான். ஒரு யுவானுக்கு ஏறத்தாழ 12 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொறுக்கிற விலைதான். ஆனால் அந்த விலைக்கு வைப்பது துணிப்பூ! மல்லிகைக்குப் பேர்போன ஊரிலிருந்து விமானம் ஏறிப் போய், தலையில் துணிப்பூவா? நான் முடியவே முடியாது என்றேன். நிஜப்பூ வேண்டுமென்றால் கூடுதலாக 30 என்றார்கள். தங்கை முறைத்தாள், நான் கொடுத்தேன். ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், பத்தே நிமிடத்தில் கொண்டை போட்டுச் சரம் சுற்றி முடித்தார். அந்தக் கைவேகம் பூக்கட்டுகிறவர்களுக்கே உரியது.

உடை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். ஊர்ப் பெண்கள் உடுத்துவது பக்கவாட்டில் பொத்தான் வைத்த மேல்சட்டையும் அகலக் கால்சட்டையும். கடைகளில் தொங்குவதோ சரிகை வைத்த ராஜகுமாரி உடைகள். அந்த உடையில் யாரும் சிப்பி உடைத்திருக்க முடியாது. பழைய மாதிரி உடை இருக்கிறதா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டதற்குக் கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போய், ஒரு நீலச் சட்டையைத் தேடி எடுத்துவந்தார். அவருடைய மாமியாருடையதாம். அதைத்தான் நான் போட்டுக்கொண்டேன். படத்தில் நீலத்தில் இருப்பது நான், ராஜகுமாரி என் தங்கை.

புகைப்படக்காரர்கள் வேறு விடமாட்டார்கள். 150 யுவான் என்று ஆரம்பிப்பார்கள். நூறு படம் எடுப்பார்கள், ஒன்பதைத்தான் மெருகேற்றித் தருவார்கள், மீதிக்குத் தனிக்காசு. நாங்கள் கைபேசியிலேயே எடுத்துக்கொண்டோம், நன்றாகத்தான் வந்தது. காரணம் அந்தச் சுவர். செங்கல்லும் கருங்கல்லும் கலந்து கட்டி, வெளிப்பக்கம் முழுக்கப் பெரிய பெரிய சிப்பி ஓடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்த அளவு ஓடு இந்தக் கரையில் கிடைப்பதில்லை. தூர தேசத்துக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல்கள் வெறுமையாகத் திரும்பும்போது பாரத்துக்காக ஏற்றிவந்தவை என்று சொல்கிறார்கள். சாய்வெயிலில் அந்தச் சுவருக்கு முன்னால் யார் நின்றாலும் அழகு.

இந்தக் கூத்தெல்லாம் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று முணுமுணுக்கிற பயணிகளையும் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீன் கூடை சுமந்த பாட்டிகள் நிழலில் உட்கார்ந்து பூச்சுற்றிச் சம்பாதிக்கிறார்கள். சம்பாதிக்கட்டுமே!

வயிறெரிந்தது திரும்பும்போதுதான். இருட்டிவிட்டது, ஊரே ஒரே நேரத்தில் கிளம்புகிறது, செயலியில் 17 யுவான் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது, வண்டி மட்டும் வரவில்லை. தெருமுனையில் நின்ற மின்சார மூன்று சக்கர வண்டிக்காரர் விரலைக் காட்டினார். ஆறு விரல். அறுபது யுவான்! எழுநூறு ரூபாய்க்கு மேல். நாற்பது என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூவும் கையுமாக நிற்கிற இரண்டு பெண்கள் வேறு எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஏறினோம். பாதி வழியில் இறக்கிவிட்டு, இதற்கு மேல் நடந்துபோங்கள் என்று சைகை காட்டினார். நான் தமிழில் நல்ல வார்த்தை நாலு சொன்னேன். அவரும் அவர் மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்தது. போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் பெரிய சாலை வரை நடந்துபோய்ப் பேருந்து பிடியுங்கள்.

அன்று அந்தக் கோபத்தை ஆற்றியது இஞ்சி வாத்து. மேற்குத் தெருப் பக்கம் நடந்துபோகும்போது மூக்கு தானாக நின்றது. நல்லெண்ணெய்! சந்தேகமே இல்லை, எள் எண்ணெயில் இஞ்சி வதங்குகிற வாசனை. கடை வாசலிலேயே மண்சட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டியும் கல்லுப்புப் படுகையில் உட்கார்ந்திருக்கிறது, அடியில் சிறு தீ. உள்ளே வாத்து, முற்றின இஞ்சி, எள் எண்ணெய், அரிசி மது. மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். மூடியைத் திறந்தால் குழம்பே இல்லை. எல்லாம் வற்றி, கறி கரும்பழுப்பாக, இஞ்சி வில்லைகள் ஓரம் முறுகி இருக்கின்றன. கறியைவிட அந்த இஞ்சிதான் ருசி. தங்கை வாத்தை என்னிடம் தள்ளிவிட்டு இஞ்சியாகப் பொறுக்கித் தின்றாள். முழுச் சட்டி 85 யுவான், இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கு வந்தது. அவர்கள் சாதம் இல்லாமல் சும்மாவே சாப்பிடுகிறார்கள். நாங்கள் பக்கத்துக் கடையில் சோறு வாங்கிவந்து பிசைந்தோம். கடைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

காலைக்கு மியன்சியன் ஹூ. நூல் போன்ற கோதுமைச் சேமியாவைக் கடல் சாற்றில் கஞ்சியாகக் குழைத்து, சிப்பி, முட்டை, பொரித்த இறைச்சி என்று நாம் காட்டுவதையெல்லாம் மேலே போட்டு, மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். காட்டக் காட்டக் காசு ஏறும், கவனம். கடல்புழுவை வேகவைத்துக் குளிரவைத்த துசுன்தோங் என்ற கூழ்மக்கட்டியையும் வாங்கினோம். தெளிவான கட்டிக்குள் புழு நன்றாகவே தெரிந்தது. தங்கை இரண்டு தின்றாள். நான் படம் எடுத்தேன். சைவக்காரர்கள் கோயில் பக்கத்துச் சைவ உணவகங்களை நம்பலாம். மற்ற இடங்களில் காய்கறியிலும் பன்றிக் கொழுப்பு வரும்.

இனி நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம். கைய்யுவான் புத்தர் கோயில், 686-இல் தொடங்கியது. முன்னால் பெரிய ஆலமரங்கள், இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாகக் கல் கோபுரங்கள், இரண்டும் 40 மீட்டருக்கு மேல் உயரம், 13-ஆம் நூற்றாண்டில் முடித்தவை. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டை வைத்த இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. வட்டங்களுக்குள் செதுக்கல். குனிந்து பார்த்தால் நரசிம்மர், மடியில் இரணியன். சற்றுத் தள்ளி, உரலோடு மரங்களுக்கு நடுவே புகுந்த கண்ணன். தூணைப் பார்த்ததும் நம் ஊர் மண்டபத் தூண்தான் என்று சொல்லிவிடலாம், எழுதி ஒட்டவே வேண்டாம். மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடிப்பகுதியிலும் மனிதமுகச் சிங்கங்கள் செதுக்கிய பலகைகள், எழுபதுக்கும் மேல். எல்லாம் ஒரு காலத்தில் இந்த ஊரில் இருந்த, பிறகு இடிந்துபோன இந்துக் கோயிலின் கற்கள். பின்னாளில் புத்தர் கோயிலைப் பழுதுபார்த்தபோது எடுத்துவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

இங்கே இருந்தவர்கள் தமிழ் வணிகர்கள் என்பதற்குக் கல்வெட்டே இருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் சீனாவை ஆண்ட காலம். கல்வெட்டு செகசைக் கான் என்று குறிப்பிடுகிற அரசரின் நலத்துக்காக, அவருடைய ஆணையின்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழில் பொறித்து, கடைசி வரியைச் சீனத்தில் முடித்திருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவான்ஜோ கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிற மற்றக் கற்களைக் கட்டாயம் பாருங்கள். லிங்கத்தை யானை வழிபடுகிற பலகை ஒன்று உண்டு. திருவானைக்காவுக்குப் போயிருப்பவர்கள் அதன் முன்னால் பேச்சு வராமல் நிற்பார்கள். நான் நின்றேன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியை, நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும், அந்தப் பலகையைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லிச் செயலியை நீட்டினார். யானை தினமும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது, சிலந்திக்கும் அதற்கும் சண்டை வந்தது என்று தங்கை கதை சொன்னாள். பிள்ளைகளுக்குச் சிலந்தியைத்தான் பிடித்திருந்தது.

துமென் தெருவில் 1009-இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசல் கூரையில்லாமல் நிற்கிறது. நாலு எட்டு வைத்தால் குவான் யூ சாமி கோயில், புகையும் கூட்டமும். அங்கே சாமியிடம் உத்தரவு கேட்கிறார்கள். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகளைக் கீழே போடுவார்கள். ஒன்று தட்டைப்பக்கமும் ஒன்று வளைந்த பக்கமும் மேலே வந்தால் சாமி சரி என்கிறது. நம் கோயில்களில் பூப் போட்டுப் பார்ப்பதே தான். நானும் போட்டேன். என்ன கேட்டேன் என்பதைச் சொல்லமாட்டேன், சாமி முடியாது என்றுவிட்டது.

சரி, கடைசியிலாவது உபயோகமான விஷயம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சியாமென், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் போல. ரயிலேற பாஸ்போர்ட்தான் டிக்கெட். கூகுளும் வாட்ஸாப்பும் சீன சிம்மில் வேலை செய்யாது. வெளிநாட்டு இ-சிம் போட்டுக்கொண்டு போனால் பிரச்சினையில்லை. பணம் கட்டுகிற அலிபே செயலியில் நம் விசா, மாஸ்டர் அட்டைகளை இணைத்துக்கொள்ளலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் 3 சதவீதம் பிடிப்பார்கள். அதனால் விடுதி வாடகையைத் தினம் தினம் கட்டினோம். வரவேற்பறைப் பெண்ணுக்கு எரிச்சல், எங்களுக்கு லாபம்.

விடுதி என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் பதிவு செய்த சின்ன விடுதியில், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வெளிநாட்டவரைப் பதிவு செய்ய எங்களால் முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும், அந்த வேலைக்கு அஞ்சுகிறார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு இரவில் வேறு இடம் தேடியதில் நூறு யுவான் கூடுதல். பதிவு செய்த கையோடு, இந்தியப் பாஸ்போர்ட், இடம் உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் மட்டும் வேண்டாம். சீனா முழுவதற்கும் விடுமுறை, சுன்பூவில் கால் வைக்க இடமிருக்காது, அந்த மூன்று சக்கரக்காரர் எத்தனை விரல் காட்டுவாரோ!