மூக்கு ஆபரேசன் பண்ணிக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு, என் அனுபவம்

மூக்கு ஆபரேசன்னு பொதுவா சொல்றதுல ரெண்டு இருக்குங்க. உள்ள நடுச்சுவர் கோணலா இருந்தா அதைய நேராக்கறது செப்டோபிளாஸ்டி, அது மூச்சுக்கு. வெளிய தெரியற வடிவத்த மாத்தறது ரைனோபிளாஸ்டி. எனக்கு ரெண்டுமே தேவப்பட்டுச்சு, சின்ன வயசுல விழுந்ததுல மூக்குத்தண்டு கோணி மேல ஒரு மேடு வேற, இடது பக்கம் சளியே இல்லாட்டியும் அடைப்புதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா காசு. வெறும் அழகுக்குன்னா இன்சூரன்ஸ்ல தரமாட்டாங்க, விபத்து, தீக்காயம், கேன்சர் மாதிரி ஏதாச்சும் காரணம் காட்டோணும். அதனால மூச்சுக்கு ஆகற செலவு, அழகுக்கு ஆகற செலவுன்னு எஸ்டிமேட்ட ரெண்டாப் பிரிச்சே கேட்டு வாங்குங்க.

திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் போயி ரெண்டு டாக்டரப் பாத்தேன். மொதல் ஆளு போட்டோவ கம்ப்யூட்டர்ல போட்டு சினிமா நடிகை மூக்கா மாத்திக் காட்டுனாரு, மூக்குக்குள்ள ஒரு தடவ கூட எட்டிப் பாக்கல. ரெண்டாவது டாக்டர் ஸ்கோப் விட்டுப் பாத்து, சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி, மூக்கு நுனிய ரெண்டு வெரல்ல அமுக்கிப் பாத்துட்டு, "தோல் தடிமனா இருக்கும்மா, உள்ள நான் எவ்வளவு செதுக்குனாலும் நுனி கூர்மையா தெரியாது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. எது நடக்காதுன்னு சொல்றவர்கிட்டதான் மூக்கக் குடுக்கலாம்னு எனக்குப் பட்டுச்சு.

அவருதான் ஒரு கதையும் சொன்னாரு. திப்பு சண்டை சமயத்துல மூக்கறுபட்ட காவஸ்ஜிங்கற மாட்டுவண்டிக்காரருக்கு நெத்தித் தோல எடுத்து புது மூக்கு வச்சாங்களாம், அது 1794ல லண்டன் பத்திரிகைல படத்தோட வந்து, 1814ல அங்க ஒரு டாக்டர் அதே மாதிரி செஞ்சு பாத்தாராம். நம்மூரு சரக்குங்க இது!

எனக்குப் பண்ணது ஓப்பன் முறை. ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கற தண்டுல சின்னதா வெட்டி, தோலத் தூக்கி, மேட்டச் சீவறாங்க. சீவுன எடம் தட்டையா நின்னுரும்ங்கறதால ரெண்டு பக்க எலும்பையும் வெட்டி நடுவுக்குத் தள்றாங்க, கண்ணுக்குக் கீழ கன்னிப்போறது அதனாலதான். நடுச்சுவர்ல எடுத்த குருத்தெலும்ப நுனிக்கு முட்டுக் குடுத்தாங்க. அம்மத்தாகிட்ட இதையெல்லாம் வெளக்குனா, "அது கெடக்கட்டும் கண்ணு, மூக்குத்திய கழட்டுனா ஓட்டை தூந்துருமே"ங்கறாங்க.

வலி நெனச்ச அளவுக்கு இல்லைங்க, அடைப்புதான் கொடும. வாயிலயே மூச்சு விட்டு தொண்டை வறண்டு போச்சு, அரிசிம்பருப்பு சோறு வச்சாக்கூட வாசமே இல்ல. தலைய ஒசத்தி வச்சுப் படுக்கோணும், மூக்கு சிந்தக்கூடாது, தும்முனா வாயத் தொறந்து தும்மோணும். மேல போட்ட கட்டு ஒரு வாரத்துல கழண்டுரும், ஆனா கண்ணாடி போடறவங்களுக்கு சோதன அதுக்கப்பறந்தான், பல வாரம் மூக்குத்தண்டு மேல வெயிட்டு படக்கூடாது. நான் கண்ணாடிய நெத்தில டேப்பு போட்டு ஒட்டித் தொங்கவிட்டுட்டுதான் ஆபீஸ் வேல பாத்தேன்.

மூச்சு இப்ப அருமையா வருதுங்க. நுனி வீக்கம் முழுசா வடிய ஒரு வருசம் ஆகும், அதுக்கு முன்னாடி திருத்தறேன்னு மறுபடி கை வைக்கறதும் பொதுவா கெடையாது. இது தெரியாத எங்க பெரியம்மா கல்யாண வீட்டுல ஒறம்பரை அத்தன பேரு முன்னாடி, "ஏனம்மிணி, காசக் கொட்டி மூக்கப் பெருசாக்கிட்டு வந்திருக்கறயா?"ன்னு கேட்டுட்டாங்க. ஆமாங் பெரிம்மான்னு சொல்லிட்டு பந்திக்குப் போயிட்டேன்.