சிலந்தி இல்லாத சமன்பாடு

“சிலந்திய எதுல வச்சிருக்கீங்க தம்பி?”

மன்னார்குடிப் பக்கம், சம்பா பூட்டைக்கு வரும் நேரம். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி, தூருக்கு (ஒரு கிளைத்தண்டுக்கு) ஒன்றரை. பூச்சி எப்படிப் பெருகும், எப்போது மருந்தடிக்கலாம் என்று கணிக்கும் என் கணித மாதிரியைக் கணினியில் ஓட்டி, “அடிச்சிரலாங்கய்யா” என்று சொன்ன பிறகு வயல்காரர் கேட்டது இது.

“இறப்பு வீதத்துக்குள்ளயே இருக்குங்க” என்றேன். பொய்யில்லை. இயற்கையாகச் சாகும் பூச்சிகளுக்கு ஒரே மாறிலி, அதாவது மாறாத ஓர் எண். சிலந்தியின் வேலையும் அதற்குள் அடக்கம். ஆனால் மருந்து சிலந்தியையும் கொல்லும், மாறிலியோ அசையாது. இரைக்கும் வேட்டையாடிக்கும் சேர்த்துக் கணிதவியலாளர் வோல்ட்டெரா 1926-லேயே எழுதிய சமன்பாட்டில் இரண்டையும் ஒரே வீதத்தில் கொன்று பாருங்கள்: சமநிலையில் இரை கூடும், வேட்டையாடி குறையும். என் மாதிரியில் இதற்கு வழியே இல்லை.

நான் மல்லுக்கட்டியது காலதாமதத்தோடு. முட்டை இலையுறைக்குள் 7 முதல் 11 நாள் இருக்கும், மருந்து எட்டாது. அடித்த மூன்றாம் நாள் எண்ணிக்கை விழும். குஞ்சு பொரித்ததும் ஏறும். எண்ணிக்கையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும் பின்னூட்டக் கட்டுப்படுத்தி அதைப் பார்த்து ‘போதவில்லை’ என்று இன்னும் அடிக்கச் சொல்லும். எண்ணிக்கை ஏறினால் அது எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டும் என்ற பெருக்கத்தைக் குறைத்தேன், பழைய பிழைகளைக் கூட்டிக்கொண்டே போகும் தொகையீட்டு உறுப்புக்கு உச்சவரம்பு வைத்தேன். ஊசலாட்டம் நின்றது. வரைபடம் அழகாக இருந்தது, அதில்தான் ஏமாந்தேன்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையோ தூருக்கு ஒரு பூச்சி என்றால் அடி, குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்த ஒரு நெற்கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறு என்கிறது. பூச்சி, சிலந்தி என்று மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு எண்ணிக்கைகளை, அதாவது இரண்டு நிலைமாறிகளைப் பார்த்து முடிவெடுக்கும் கட்டுப்பாட்டு விதி அது. அதைப் பழைய கைக்கணக்கு என்று நினைத்திருந்தேன்.

அவர் அடித்தார். இரண்டு வாரத்தில் புகையான் முன்னைவிட அதிகம். என் தப்பா? யூரியா கூடுதலாகப் போயிருந்தது. தண்ணீரை வடிக்கவில்லை. இரண்டும் புகையானுக்குத் தோது. இறக்கை முளைத்தவை பக்கத்து வயலிலிருந்தும் வந்திருக்கலாம். பொறுத்திருந்தால் பயிர் தப்பியிருக்கும் என்று சொல்ல, அடிக்காத இன்னொரு வயல் அங்கே இல்லை. சிலந்திக் கணக்கையும் யாரும் எடுத்துத் தரவில்லை. அளக்காததை நிலைமாறியாக எப்படி வைப்பது? இந்த வாதம் பாதி நாள் சரியாகப் படுகிறது. கேட்டு வாங்கியிருக்கலாமே என்பது மீதி நாள்.

இப்போது எண்ணும் தாளில் சிலந்திக்கும் ஒரு கட்டம் உண்டு. பல நாள் காலியாக வருகிறது. சிலந்தி இல்லையா, குனிந்து தூரடியைப் பார்க்கவில்லையா என்று ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.